ஓசூரில் நான் சுருக்கிச் சொன்ன வாக்கியம்

ஓசூர் இவ்வளவு குளிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ்நாடு என்றால் வெயில் என்று நினைத்து மலேசியாவின் ஈப்போவிலிருந்து மெல்லிய பருத்திச் சட்டைகளாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். தை மாதக் காலையில் விடுதி வாசலில் நின்று வாயைத் திறந்தால் புகை வந்தது. எங்களுக்கு அமர்த்தியிருந்த காரின் ஓட்டுநர் அன்வர் பாய் தன் கழுத்து மஃப்ளரை அவிழ்த்து நீட்டினார்.

"கட்டிக்கோங்க மேடம். பெங்களூரு குளிரு, தமிழ்நாட்டு வெயிலு, ரெண்டும் இங்க ஒரே நாள்ல வரும்."

நானும் டாக்டர் லிம்மும் ஈப்போவில் பக்கத்துப் பக்கத்து வீடு. அவர் சீனப் பெண்மணி. புற்றுநோயும் மரபணுவும் அவருடைய ஆராய்ச்சி. நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதும், நீதிபதி கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வதும் என் பிழைப்பு. பெங்களூரு ஆய்வகம் ஒன்றோடு சேர்ந்து ஓசூர் வட்டாரக் கிராமங்களில் எச்சில் மாதிரி சேகரிக்க லிம் கிளம்பியபோது, அங்கே வீடு வீடாகப் போய்த் தமிழில் பேச ஆள் வேண்டியிருந்தது. எனக்கு விடுப்பு மிச்சம் இருந்தது. "உன்னைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் யார்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் மயங்கித்தான் வந்தேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகத்தில் முதல் சாப்பாடு. செட் தோசை என்று மூன்று தோசை வைத்தார்கள். பஞ்சு மாதிரி இருந்தது. சட்னியில் எங்கள் ஊர் சம்பலின் காரம் இல்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் சீருடை போட்ட இரண்டு பேர் ஒருவர் தெலுங்கிலும் ஒருவர் தமிழிலும் சண்டை போட்டார்கள். நடுவில் வந்த பரிமாறுபவர் இருவரையும் கன்னடத்தில் சமாதானப்படுத்தினார். யாருக்கும் யார் சொன்னதும் புரியாமல் போகவில்லை. ஈப்போ சந்தையில் சீனக் கிழவரிடம் மலாயில் விலை கேட்டுத் தமிழில் திட்டிக்கொண்டே மீன் வாங்கும் என் அம்மாவின் நினைவு வந்தது. இந்த ஊர் எனக்குப் பழகிவிடும் என்று தோன்றியது.

அங்கே வைத்துத்தான் லிம் தன் வேலையை எனக்கு மறுபடி விளக்கினார். நம் செல்களுக்குள் மரபணுக்களின் கட்டளைப்படி புரதங்கள் உண்டாகின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது அங்கே திரியும் மிகச் சிறிய துணுக்கு. அது தானாக எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. மற்ற மரபணுக்களின் கட்டளைகளைப் பிடித்து அடக்குவதுதான் அதன் வேலை. செல் அளவுக்கு மீறிப் பெருகாமல் இருக்க இந்த அடக்குதல் தேவை. மரபணுவை ஒரு வாசகம் என்று வைத்துக்கொண்டால், சிலருக்கு அந்தத் துணுக்கை உண்டாக்கும் வாசகத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பிறக்கும்போதே அப்படி. அதனால் அடக்கும் வேலை சற்றுக் கூடலாம், குறையலாம். சில வகைப் புற்றுநோய்களோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று சில ஊர்களில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வேறு ஊர்களில் பார்த்தவர்கள் இல்லை என்கிறார்கள்.

"மாறியிருந்தால் நோய் வருமா?" என்றேன்.

"அப்படிச் சொல்லவே கூடாது," என்றார் லிம். "அந்த மாற்றம் ஏராளமான பேரிடம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. வாய்ப் புற்றுநோயில் புகையிலையின் பங்கு இதைவிட எவ்வளவோ பெரியது."

நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாகவே புரிந்தது. பின்னால் நடந்ததற்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

மறுநாள் கெலமங்கலம் பக்கம் போனோம். வழியெல்லாம் கம்பெனி பஸ்கள் எதிரே வந்தன. ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்பிள்ளைகள். அவற்றைத் தாண்டியதும் தக்காளித் தோட்டங்கள், ரோஜாவுக்கான பிளாஸ்டிக் கூடாரங்கள். நாங்கள் போன சிற்றூரில் வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் குடும்பத்திலும், நோய் வராத வீடுகளிலும் மாதிரி எடுப்பதாகத் திட்டம்.

முதல் வீட்டில் கைகூப்பி, "பசியாறிட்டீங்களா?" என்றேன். ஈப்போவில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பது அது. அந்த வீட்டுக்காரர் திகைத்து, "பசி ஆறலிங்களே, இன்னும் அடுப்பே பத்த வெக்கல," என்றார். அன்வர் பாய் சிரித்துவிட்டு, டிபன் சாப்பிட்டாச்சா என்று கேட்பதாக விளக்கினார். ஊரே சிரித்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. மலேசியா மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் லிம் ஒரே விஷயத்தை ஒரே பொறுமையோடு சொன்னார். எச்சிலிலிருந்து மரபணுவை எடுக்கிறோம். அதில் ஒரு சிறு பகுதியில் எழுத்து வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்கிறோம். அது இருப்பதால் நோய் வரும் என்று பொருள் இல்லை, இல்லாததால் வராது என்றும் இல்லை. பலருடைய மாதிரிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் எதுவும் தெரியும். தனி ஒருவருக்கு முடிவு சொல்ல மாட்டோம். விருப்பம் இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

காலையில் நான் அதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். கேட்டவர்கள் பாதியிலேயே கண்களை வேறு பக்கம் திருப்பினார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். வெயில் ஏறியது. மாதிரி எடுக்கும் சிறு குழாயில் கோடு வரை துப்பச் சொன்னால் நுரை மட்டும் வந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கேயோ பச்சை அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிப் போடும் பிதுக்கம்பருப்புக் குழம்பு கொதிக்கும் வாசம் வந்து பசியைக் கிளப்பியது.

அந்த நேரத்தில்தான் கிருஷ்ணப்பாவின் வீட்டுக்குப் போனோம். அவருக்கு வாயில் புற்று வந்து தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தார். அவர் பேசுவது வெளியாட்களுக்குப் புரியாது. அவர் மனைவி மாதம்மா வாசலில் நாற்காலி போட்டார். மகள் பவித்ரா ஓசூரில் ஒரு மின்னணுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்கு வார விடுமுறை. அப்பா எதையோ சொல்வதும் அவள் அதை எங்களுக்குத் திருப்பிச் சொல்வதுமாக இருந்தாள். அக்கம்பக்கத்தார் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

லிம் தன் விளக்கத்தைச் சொல்லி முடித்தார். நான் ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒரு பெண், "மேடம், இதெல்லாம் நமக்கு இன்னா தெரியும்? சுருக்கமா சொல்லுங்க. இன்னாத்துக்கு எச்சி கேக்கறீங்க?" என்றாள்.

"அப்பாவுக்கு வந்தது புள்ளைங்க ரத்தத்துலயும் இருக்கான்னு பாக்குறோம்," என்றேன்.

"ஓ, அப்படி சொல்லுங்க!" என்றது கூட்டம். காலையிலிருந்து முதன்முறையாக எல்லா முகங்களும் தெளிந்தன. எனக்கு உச்சி குளிர்ந்தது. பவித்ரா மட்டும் என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குழாயை வாங்கிக்கொண்டாள். மாதம்மாவும் கொடுத்தார். கதிர்வீச்சு வைத்ததில் கிருஷ்ணப்பாவுக்கு வாய் காய்ந்துபோயிருந்தது. லிம் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தடவி எடுத்து, குழாயிலிருந்த திரவத்தில் போட்டார்.

"சட்டென்று புரிந்துகொண்டார்களே, என்ன சொன்னாய்?" என்று லிம் காரில் கேட்டார்.

"நீங்கள் சொன்னதைத்தான். கொஞ்சம் சுருக்கமாக."

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்று மதியம் ஒரு வீட்டில் களியும் பிதுக்கம்பருப்பும் போட்டார்கள். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று அன்வர் பாய் சொல்லிக்கொடுத்தார். நான் மெல்லப் பார்த்து, பல்லில் ஒட்டி, பேச முடியாமல் விழித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அஞ்செட்டிப் பக்கம் போனோம். காட்டு வழி. யானை வரும் என்று பலகை வைத்திருந்தார்கள். யானை வரவில்லை. திரும்பும்போது காரின் கிளட்ச் போய்விட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் காரைக் கயிறு கட்டி அஞ்செட்டி மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டுபோய் விட்டார். நாளைக்குத்தான் ஆகும் என்றார் மெக்கானிக். அன்வர் பாயும் எங்களோடு பஸ்ஸுக்கு நின்றார். அது வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது உள்ளே தக்காளிக் கூடைகளும் ஒரு கட்டிப்போட்ட சேவலும் எங்களுக்கு முன்பே இடம் பிடித்திருந்தன.

எங்களுக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் அன்வர் பாய் காதைக் கொடுப்பதையும், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதையும் கவனித்தேன். வழக்கில் சாட்சி அப்படித் திரும்பினால் நான் கவனிப்பேன். தொழில் புத்தி.

"என்ன பேசுறாங்க பாய்?"

"ஒண்ணுமில்ல மேடம். யார் வீட்டுதோ கல்யாணப் பேச்சு."

"சொல்லுங்க. வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கெலமங்கலம் பக்கம் ஒரு ஊர்ல வெளிநாட்டு டாக்டருங்க வந்து எச்சி எடுத்தாங்களாம். அப்பனுக்கு வந்தது பொண்ணு ரத்தத்துலயும் இருக்குதுன்னு சொல்லிட்டாங்களாம். பொண்ணுக்குப் பூ வெச்சி முடிச்சிருந்தாங்களாம். இப்ப மாப்ள வீட்ல வேணாம்னுட்டாங்களாம்."

என் வாக்கியம்தான். கேள்வியாக விட்டது பதிலாகத் திரும்பி வந்திருந்தது. ஆனாலும் என்னுடையதுதான். அடையாளம் தெரிந்தது. முகம் தீயாக எரிந்தது.

"என்ன ஆயிற்று?" என்று லிம் கேட்டார்.

"ஒன்றுமில்லை. யாரோ கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்," என்றேன்.

அன்வர் பாய்க்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. பஸ் தேன்கனிக்கோட்டை போய்ச் சேரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அன்று தவறாகச் சொன்னதைவிட, அதை மறைத்த அந்த ஒரு பதில்தான் எனக்கு இன்றும் கூசுகிறது.

மறுநாள் காலை தட்டு இட்லி எதிரே ஆறிக்கொண்டிருக்க, லிம்மிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"தமிழில் என்ன சொன்னாயோ அதை அப்படியே ஆங்கிலத்தில் எனக்குச் சொல்."

சொன்னேன். நீதிமன்றத்தில் எத்தனையோ பேருடைய பொய்யை நான் முகம் மாறாமல் மொழிபெயர்த்திருக்கிறேன். என்னுடைய ஒரு வரியைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"நான் கேள்வியாகத்தான் சொன்னேன். அவர்கள்தான் அதை மாற்றி..."

"நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையே," என்றார் லிம். "அப்பாவுக்கு வந்த நோய் மகளின் ரத்தத்தில் இருக்குமா என்று நான் தேடவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை."

மாதிரி எடுக்கும் வேலையை அன்றே நிறுத்தினார். பெங்களூருக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அதில் என் பெயரைச் சொல்லவில்லை. "எங்கள் விளக்கத்தில் தவறு நேர்ந்துவிட்டது," என்றுதான் சொன்னார். எங்கள் என்ற சொல் என்மேல் கல்லாக விழுந்தது.

பவித்ராவின் வீட்டில் மாதம்மா எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். பவித்ரா முதல் ஷிஃப்ட் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கம்பெனி பஸ் நிற்கும் முனையில் போய் நின்றோம். நீலச் சீருடையோடு இறங்கியவள் எங்களைப் பார்த்ததும் நின்றாள். கூட இறங்கிய பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"என்னை மன்னிச்சிடும்மா. நான் தப்பா சொல்லிட்டேன்," என்றேன்.

"தெரியும் மேடம். அன்னிக்கே தெரியும். அந்த டாக்டரம்மா அவ்ளோ நேரம் பேசுனாங்க. நீங்க ஒரே லைன்ல முடிச்சிட்டீங்க. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். 'நாட்' 'நாட்'னு அவங்க எத்தினி வாட்டி சொன்னாங்க! நீங்க ஒரு இல்லைகூட சொல்லல."

கம்பெனி பஸ் கிளம்பிப் போகும்வரை அவள் ஒதுங்கி நின்றாள்.

"நீங்க கோர்ட்ல வேலை பாக்கறவங்கன்னு அன்வர் அண்ணன் சொன்னாரு. அங்க இப்படி சொன்னா இன்னா பண்ணுவாங்க மேடம்?"

"வேலை போயிடும்."

"இங்க எனக்குக் கல்யாணம் போச்சு," என்றாள். அழவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "கம்பெனி லைன்ல எல்லாரும் கேக்கறாங்க. என் தண்ணி பாட்டில்ல குடிச்சிக்கினு இருந்தவ இப்ப தனியா கொண்டுக்கினு வர்றா. எங்கிட்ட சாரி சொல்லி இன்னா ஆவப்போவுது? மாப்ள வீட்டுக்குப் போயி சொல்லுங்க. அன்னிக்கு மாதிரி எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க. எங்கப்பாவையும் கூட்டிக்கினு போங்க."

மறுநாள் கிருஷ்ணப்பாவையும் கூட்டிக்கொண்டு தொரப்பள்ளிப் பக்கமிருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா முனிராஜுக்கு ரோஜாக் கூடாரங்கள் இருந்தன. பையன் மகேஷ் ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். வீட்டில் தெலுங்கும் எங்களோடு தமிழும் பேசினார்கள். காபி வந்தது. எனக்கும் லிம்முக்கும் அன்வர் பாய்க்கும் எவர்சில்வர் டம்ளர். கிருஷ்ணப்பாவுக்குக் காகிதக் கோப்பை.

அவர் அதைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். துண்டை விலக்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

லிம் பேசினார். நான் ஒரு மூச்சு, ஒரு இடைவெளி விடாமல் சொன்னேன். சிறிய துணுக்கு, எழுத்து வேறுபாடு, ஏராளமான பேரிடம் இருப்பது, தனியாளுக்கு முடிவு சொல்வதற்கில்லை என்பது, பவித்ராவின் எச்சிலை இன்னும் யாரும் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது. அது தொட்டால் ஒட்டுவதில்லை என்று லிம் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் பார்வை காகிதக் கோப்பைக்குப் போனது. அன்று அப்படிச் சொன்னது என்னுடைய தவறு, டாக்டருடையது அல்ல என்று என் பங்குக்கும் சொன்னேன்.

முனிராஜ் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"எல்லாம் சரிங்க மேடம். படிச்சவங்க சொல்றீங்க. எங்களுக்கு ஒரே ஒரு வார்த்த போதும். அந்தப் பொண்ணுக்கு அது வராதுன்னு டாக்டரம்மா வாயால சொல்லட்டும். இப்பவே மண்டபத்துக்குப் போன் போடறேன்."

மகேஷ் அதுவரை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தினான். கிருஷ்ணப்பாவும் என்னைப் பார்த்தார்.

நான் லிம்மிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்தார்.

"யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது," என்றார். "அந்தப் பெண்ணுக்கும் முடியாது, உங்கள் மகனுக்கும் முடியாது, எனக்கும் முடியாது. அந்த வேறுபாடு என்னிடமும் இருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். 'வராது' என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. லிம்முக்குத் தமிழ் தெரியாது. பவித்ரா கல்யாணம் செய்துகொள்வாள். நான் ஈப்போவுக்குப் போய்விடுவேன். அன்று பசியில், பெருமையில் ஒரு வாக்கியத்தை மாற்றினேன். இன்று ஒரு நல்லதுக்காக மாற்றினால் என்ன என்று நினைத்தேன். அந்த வீட்டுச் சுவரில் ஒரு பல்லி ஓடி நின்றதுவரை எனக்கு நினைவிருக்கிறது.

லிம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

'என்னிடமும் இருக்கிறது' என்றதும் முனிராஜின் மனைவி தன் நாற்காலியை லிம்மிடமிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை. முனிராஜ் மகனைப் பார்த்தார். மகேஷ், "நீங்க சொல்றதுதான்ப்பா," என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி செல்போனுக்குப் போய்விட்டான்.

"யோசிச்சி சொல்றோங்க," என்றார் முனிராஜ். எழுந்து நின்று கைகூப்பினார்.

கிருஷ்ணப்பா வாசலில் இறங்கும்போது ஆறிப்போன காபியை ரோஜாச் செடி ஓரமாக ஊற்றினார். கோப்பையைக் கசக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கார் மெக்கானிக்கிடமிருந்து வந்துவிட்டிருந்தது. கிளட்ச் மட்டும் ஒவ்வொரு முறையும் முனகியது.

யோசித்துச் சொல்ல அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மறுநாளே தரகர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு இடம் பார்க்கிறார்களாம். அந்தக் கல்யாணம் நடக்காது.

அன்று பவித்ரா அன்வர் பாய்க்குப் போன் செய்தாள். கொடுத்த எச்சிலைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாளாம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதும் முதல் வீடுகளில் நான் சொல்லி, அவள் வீட்டில் விழுங்கிவிட்ட வரிகளில் ஒன்று. நான் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறாள். லிம் உடனே பெட்டியைத் திறந்து அந்த வீட்டின் மூன்று குழாய்களையும் தேடி எடுத்தார். "விலகுவது அவர்கள் உரிமை. நாமே அழித்துவிட்டு எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் கண்ணால் பார்க்க அவர்கள் விரும்பலாம்," என்றார்.

இந்த முறை மாதம்மா உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றார். நாற்காலி போடவில்லை.

"அன்னிக்கு அந்தம்மா சொல்லாததயெல்லாம் சேத்து சொன்னீங்க," என்றார் என்னிடம். குரலை உயர்த்தவில்லை. "நேத்து அங்க எம்பொண்ணுக்காவ ஒரே ஒரு வார்த்த சேத்து சொல்ல வாய் வரலியா உங்களுக்கு?"

தலைகுனிந்து நின்றேன். லிம் என்னவென்று கேட்டார். நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். லிம்மின் கண்கள் கலங்கின. என்னுடையவை கலங்கவில்லை. அழுதால் அது என்மேல் நானே இரக்கப்படுவதாகிவிடும் என்று பட்டது.

பவித்ரா குழாய்களை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரம் போனாள். தன்னுடையதை ஊற்றினாள். அம்மாவுடையதை ஊற்றினாள். தண்ணீரைத் திறந்துவிட்டு இரண்டையும் நன்றாகக் கழுவினாள். மூன்றாவதைத் திறக்கப் போனபோது, கட்டிலில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணப்பா கையை நீட்டி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். பவித்ரா வேகமாக ஏதோ பதில் சொன்னாள். அப்பாவும் மகளும் சண்டை போடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. மாதம்மாவும் சேர்ந்துகொண்டார். கடைசியில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவருத ஊத்த வேணாங்கறாரு. எதனால அவருக்கு வந்துச்சுன்னு யாராவது பாக்கட்டுமாம்."

நான் லிம்மிடம் சொன்னேன். லிம் கட்டிலுக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். உங்களுக்கு ஏன் வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நிறையப் பேருடையதைச் சேர்த்துப் பார்த்தாலும் பதில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வருடக்கணக்கில் ஆகும். உங்களுக்கென்று எந்தச் செய்தியும் வராது. உங்கள் பிள்ளைக்கு இதனால் எந்த நன்மையும் இல்லை.

கடைசி வரியை மென்மையாக்க என் வாய் தவித்தது. ஆக்கவில்லை.

அவர் முழுதும் கேட்டார். பிறகு நிதானமாக, தாடை இல்லாத பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு பேசினார். நீளமாகப் பேசினார். பவித்ரா குறுக்கே பேசாமல் நின்றாள். குழாயைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஈரமாக இருந்தன.

"பதில் வராட்டி பரவால்லியாம்," என்றாள். "இருவது வருசம் புகையில போட்டது அவரு தப்புதானாம், அதையும் எழுதிக்கச் சொல்றாரு. கூட போட்டவங்க பல பேருக்கு ஒண்ணும் வரல, அதான் கேக்கறாராம். உங்க மேல அவருக்குக் கோவம் இருக்குதாம். ஆனா இத எடுத்துக்கினு போவச் சொல்றாரு."

குழாயை லிம்மின் கையில் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இதுல இஷ்டமே இல்ல மேடம். ஆனா அவரு சொன்னது இதுதான்."

நான் லிம் பக்கம் திரும்பினேன். புகையிலையை, கோபத்தை, கிருஷ்ணப்பா சொன்ன எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே ஆங்கிலத்தில் சொன்னேன். மகளுக்கு இதில் இஷ்டமே இல்லை என்பதையும் சொன்னேன்.